ராயப்பன் பாஸ் போட்ட பச்சை

மனிதர்களில் ‘பாஸ் போடாதவர்’ என்று ஒரு வகை உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்து, இலையில் விழுந்த அத்தனையையும் வழித்துச் சாப்பிட்டு, பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக் குடித்து, கை கழுவிக்கொண்டு வரும் வழியில் பெண்ணின் அப்பாவைப் பிடித்து நிறுத்தி, "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா…" என்று ஆரம்பிப்பாரே, அவர்தான். அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு வருவது சாம்பாரின் உப்பாக இருக்கலாம், மைக் செட்டாக இருக்கலாம், மாப்பிள்ளையின் உயரமாகக்கூட இருக்கலாம். எது வரும் என்று சொல்ல முடியாது. ஏதாவது வந்தே தீரும்.

இவர்களை அடையாளம் கண்டுகொள்வது சுலபம். தலையைப் பாருங்கள். புதிதாக எதைக் கண்டாலும், அது கட்டி முடித்த வீடாகட்டும், தைத்து வந்த சட்டையாகட்டும், பிறந்து மூன்று நாளான குழந்தையாகட்டும், இவர்களுடைய தலை இடது தோளை நோக்கிக் கொஞ்சம் சாயும். வலது கண் லேசாகச் சுருங்கும். "நேராப் பார்த்தா எல்லாமே நல்லாத்தான் சார் தெரியும். நாப்பத்தஞ்சு டிகிரில பார்க்கணும்" என்பார்கள். பார்ப்பார்கள். கிடைத்துவிடும்.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். இவர்கள் தங்கள் கையால் எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை. செய்தால்தானே அதில் குறை இருக்கும்?

எங்கள் பட்டாபிராம் தெருவுக்கு இந்த வகையில் ராயப்பன் வாய்த்திருக்கிறார். ஆவடியில் பட்டாளத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வேலை. வண்டி செய்தாரா என்று கேட்காதீர்கள். மற்றவர்கள் செய்து, பட்டி பூசி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, காயவைத்து நிறுத்திய வண்டியை ஒரு கையில் டார்ச்சும் மறு கையில் சாக்பீஸுமாகச் சுற்றிவந்து, எங்கே தூசி ஒட்டியிருக்கிறதோ, எங்கே பெயிண்ட் வழிந்திருக்கிறதோ, அங்கெல்லாம் ஒரு வட்டம் போட்டுவிட்டுப் போவார். வட்டத்துக்குள் இருப்பதைத் தேய்த்து மறுபடி அடிப்பது வேறு யாரோ. ஓய்வு பெற்ற அன்று போட்ட சந்தன மாலையில் ஒரு மணி விட்டுப்போயிருந்ததை மேடையிலேயே மைக்கில் சொன்னார் என்கிறார்கள். நான் அங்கே இல்லை. ஆனாலும் நம்புகிறேன்.

ஓய்வு பெற்றவர் ராயப்பன்தான், சாக்பீஸ் இல்லை. அது அவருடைய சட்டைப் பையில் இன்னமும் வேலை பார்க்கிறது. என் வீட்டு மதிலுக்கு வெள்ளையடித்த மறுநாள் காலை வாசலுக்கு வந்து பார்த்தால் சுவரில் பதினோரு வட்டம். வெள்ளைச் சுவர் என்பதால் நீலச் சாக்பீஸில் போட்டிருந்தார். "நல்லாத்தான் அடிச்சிருக்கான் சார். ஆனா நாளைக்கு உங்களை யாரும் குறை சொல்லிடக் கூடாதில்ல?" என்றார். அதுவரைக்கும் யாரும் சொல்லவில்லை. பட்டாளத்து சைடிங் தண்டவாளத்திலிருந்து வண்டிகளை ஏற்றிக்கொண்டு கூட்ஸ் ரயில் கிளம்பினால், ரயில்வே கேட்டில் சைக்கிளைச் சாய்த்து நிறுத்திவிட்டு, ஓடுகிற ரயிலையே தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ஏழாவது வண்டி, கதவுக்குக் கீழ. விட்டுட்டானுங்க" என்று பக்கத்தில் நிற்கும் பால்காரரிடம் வருத்தப்படுவார். அவர் மனைவி ஞானகுமாரி புத்திசாலி. தோசையின் கருகிய பக்கம் கீழே இருக்கும்படிதான் தட்டில் போடுவார். நாற்பது வருஷ இல்லறத்தை இப்படித்தான் ஓட்டியிருக்கிறார்.

சரி, இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் தானே பெயிண்ட் அடிக்கக் கிளம்பினால் என்ன ஆகும்? அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

ராயப்பனின் மகள் ஜாஸ்லின் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு, பட்டாபிராம் முதல் திருவேற்காடு வரை கடைகளுக்குக் கொடுக்கிறாள். அதற்காக ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கினாள். பிறந்தபோது அது பச்சை நிற வண்டி. ஜாஸ்லின் கைக்கு வரும்போது பாதி பச்சை, பாதி துரு, பின்பக்கத்தில் முன்னாள் முதலாளியின் கோழிக்கடைப் பெயர் அரைகுறையாகத் தெரியும். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீன் தினமும் அவளிடம் மாவு எடுப்பதாக ஒப்புக்கொண்டது. நான்கு வாரம் கழித்து வரும் வியாழக்கிழமை முதல் சப்ளை. ஒரே நிபந்தனை, எஃப்.சி. முடித்த வண்டிக்குத்தான் கேட் திறக்கும். வியாழக்கிழமை வண்டி வரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். வண்டி ஓடத் தகுதியானது என்று போக்குவரத்து அலுவலகம் கொடுக்கும் சான்றுதான் எஃப்.சி. அதற்குப் போகுமுன் வண்டிக்குப் பெயிண்ட் அடித்துப் பொட்டு வைத்துக் கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். அந்த வாரத் திங்கட்கிழமைக்கு ஜாஸ்லின் தேதி வாங்கியிருந்தாள். தெருக்கோடியில் ஷெட் போட்டு இதே வேலையைச் செய்யும் வேலுசாமியிடம் பேசியும் வைத்திருந்தாள்.

"அவன் எப்படி அடிக்கிறான்னு ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்" என்றார் ராயப்பன்.

ஜாஸ்லின் அப்போதே கதவைப் பூட்டியிருக்க வேண்டும்.

வேலுசாமியின் ஷெட்டில் அப்போதுதான் ஒரு ஷேர் ஆட்டோ வேலை முடிந்து நின்றது. சொந்தக்காரர் சாவிக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், பட்டப்பகல்ல டார்ச்சு எடுத்துகினு வந்துகீறீங்கோ?" என்றார் வேலுசாமி.

ராயப்பன் ஆட்டோவை ஒரு சுற்று சுற்றினார். தலை சாய்ந்தது. டார்ச் எரிந்தது. சாக்பீஸ் வெளியே வந்தது. ஒன்பது வட்டம். "நல்லாத்தான் இருக்கு, ஆனா…" என்று திரும்பினால் ஆட்டோக்காரர் நீட்டிய கையை மடக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். "வட்டம் போட்ட எடமெல்லாம் திரும்ப அட்சிக் குடு மாமே" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டார்.

"சார், இது எஃப்.சி. பெயிண்டு. ஆபீசர் பாக்கறதுக்கு அடிக்கறது, உங்களுக்கு இல்ல" என்றார் வேலுசாமி. "கையெடுத்துக் கும்புட்றேன். உங்க வண்டிய நீங்களே அட்சிக்கோங்க."

நீங்களும் நானும் இதை வசவு என்று எடுத்துக்கொள்வோம். ராயப்பன் நல்ல யோசனை என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து ஒரு சபதமும் செய்தார். "வெளிய எதுவும் வாங்கப் போறதில்ல. வீட்ல இருக்கறதை வெச்சே அடிச்சுக் காட்டறேன்." அடுத்த மூன்று வாரம் அந்த வீட்டில் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லை. மாடியில் செத்துக் கிடந்த ஃபிரிட்ஜின் வயிற்றைக் கிழித்து கம்ப்ரஸரை எடுத்து, அதில் ஒரு ஸ்ப்ரே கன்னை மாட்டினார். கண்ணாடிகளை மூட ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர். சக்கரங்களுக்கு ஞானகுமாரியின் பழைய நைட்டி நான்கு. தூசி வந்து ஒட்டக் கூடாது என்று இரட்டைக் கட்டில் கொசுவலைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து வண்டிக்கு மேலே கட்டினார். அந்த மூன்று வாரமும் வீட்டில் மனிதர்களைக் கொசு கடித்தது. வண்டி நிம்மதியாகத் தூங்கியது. காலையில் பால் வாங்கப் போகும் பெண்கள் வலைக்கு வெளியே நின்று, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவரை விசாரிக்கும் குரலில், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

துருவைத் தேய்த்தது யார்? ஞானகுமாரியும் ஜாஸ்லினும். வாளியில் தண்ணீர், கையில் வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள். ஜாஸ்லின் விடிவதற்குள் மாவு அரைத்துவிட்டு வந்து தேய்ப்பாள், கடைகளுக்குப் போட்டுவிட்டு வந்து தேய்ப்பாள். ராயப்பன் என்ன செய்தார் என்று நான் சொல்ல வேண்டுமா? வட்டம் போட்டார். தேய்த்த இடத்தில் போட்டார். தேய்த்து அழிந்த வட்டத்தின் மேலேயே இன்னொரு வட்டம் போட்டார்.

கடைசியில் நிறம் கலக்கும் நாள் வந்தது. யாரோ கொடுத்த பச்சை அரை டப்பாதான் இருந்தது. வண்டிக்குப் போதாது. கேட்டுக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளை ஊற்றினார். வெளுத்துவிட்டது. ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய கறுப்பைச் சொட்டுச் சொட்டாக விட்டார். குச்சியால் கலக்கி, தகரத்தில் தடவி, வெயிலில் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். "ம்ஹும்." இன்னும் ஒரு சொட்டு கறுப்பு. "ம்ஹும்." கொஞ்சம் மஞ்சள். பாதி நாள் இப்படியே போனது. நான்கு மணி வாக்கில் தகரத்தைப் பிடித்த கை அப்படியே நின்றது. சாய்ந்த தலை நேரானது. முப்பத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் சுலபத்தில் சொல்லாத வார்த்தையை ராயப்பன் சொன்னார்.

"பாஸ்."

நிஜமாகவே அருமையாக அடித்திருந்தார். பொய் சொல்லக் கூடாது. வலையைப் பிரித்தபோது வண்டியில் ஒரு தூசி இல்லை, ஒரு சொட்டு வழியவில்லை. தெருவே கூடிப் பார்த்தது. எதிர்வீட்டுப் பஞ்சவர்ணம் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து சுற்றிப்போட்டார். எங்கள் தெருவில் பாதிப்பேர் அந்தத் தொழிற்சாலைக் குடும்பம்தான். என் அப்பாவும் அங்கேதான் வேலை பார்த்தார். எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி, வாளி, சைக்கிள், மாடிக் கதவு எல்லாமே அந்தப் பச்சை. பிறந்ததிலிருந்து பார்த்த நிறம், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும்தான். "ஜம்முனு இருக்கு" என்று நானே முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை மைதானத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஆய்வாளர் ஒரு பெண்மணி. காக்கிச் சட்டை, கையில் பேனா. ஒவ்வொரு வண்டியாகப் பிரேக், விளக்கு, ஹாரன் என்று நேராகப் பார்த்துக்கொண்டே வந்தவர் ஜாஸ்லின் வண்டிக்கு முன்னால் நின்றார். அவருடைய தலை இடது தோளை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்தது. வெகுநாள் காணாத சொந்தக்காரரைப் பார்த்தது போல் அப்பா முகம் மலர்ந்துவிட்டது என்று ஜாஸ்லின் பிறகு சொன்னாள்.

"யார் அடிச்சது?"

"நான்தாங்க மேடம். வீட்லயே."

"ஒரு தூசி இல்லையே! இந்த கிரவுண்ட்ல இப்படி ஒரு வேலை நான் பார்த்ததில்ல சார்." ஆய்வாளர் கதவின் மேல் விரலை ஓட்டினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா…"

ராயப்பன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வார்த்தையை எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டார்.

"ஆனா இது மிலிட்டரி பச்சை. மிலிட்டரி வண்டியைத் தவிர வேற எதுக்கும் இந்தக் கலர் அடிக்கக் கூடாது. ரூல்ஸ்ல இருக்கு சார்."

"வண்டி ஆர்.சி. புக்குல பச்சைன்னுதான் மேடம் போட்டிருக்கு."

"பச்சைதான். உங்க பச்சை இல்ல."

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். ராயப்பன் கெஞ்சினார். "கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் மேடம். நல்லாப் பாருங்க, ஏதாவது குறை இருக்கும்" என்றார். தன் வேலையில் குறை இருக்கிறது என்று சொல்லிக் கெஞ்சிய ராயப்பனை யாராவது கற்பனை செய்ய முடியுமா?

"நீங்க எங்க சார் வேலை பார்த்தீங்க?"

"ஆவடியில. பெயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன்."

ஆய்வாளர் சிரித்துவிட்டார். "அப்ப நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இது வேற கலர்தானா?"

ஒரு பொய் போதும். மகளுடைய கேன்டீன் ஆர்டர் அந்த ஒரு பொய்யில் தொங்கியது. ராயப்பன் ஜாஸ்லினைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். பாழாய்ப்போன தலை தானாகவே இடது பக்கம் சாய்ந்தது.

"இல்லைங்க மேடம்" என்றார். "அதேதான். துளி வித்தியாசம் இல்ல."

ஜாஸ்லின் வண்டிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கலரை மாற்றிப் புதன்கிழமை மதியத்துக்குள் கொண்டுவந்தால் பார்ப்பதாக ஆய்வாளர் எழுதிக் கொடுத்தார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டுத்தான் ஜாஸ்லின் பேசினாள். அழுதுகொண்டே பேசினாள்.

"மூணு வாரமா நானும் அம்மாவும் தேய்ச்சோம்பா. நீங்க வட்டம் போட்டீங்க. முப்பத்திரண்டு வருஷமா போட்டீங்களே, அதுல ஒண்ணையாவது நீங்க தேய்ச்சிருக்கீங்களா?"

ஜாஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக வேலுசாமியின் ஷெட்டுக்குப் போனாள்.

"அட்சித் தரேம்மா" என்றார் வேலுசாமி. "நாளிக்கு சாய்ங்காலத்துக்குள்ள முட்ச்சிடலாம். ஆனா ரெண்டு கண்டிசன் கீது. இந்தப் பளபளப்பு மேல பெயிண்டு புடிக்காது, முழுசாத் தேய்க்கணும். அத்த சார்தான் தேய்க்கணும். ரெண்டாவது, நான் அடிக்கசொல்ல சார் வாயத் தொறக்கக் கூடாது."

"டார்ச்?"

"டார்ச்சும் ஆவாது. அந்த சாக்பீஸ நீ வாங்கி வெச்சுக்கோ."

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு ராயப்பன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்தார். தன்னுடைய பச்சையைத் தானே தேய்த்தார். ஒன்பது மணிக்கு விரல் நுனி சிவந்தது, பத்து மணிக்குத் தோல் உரிந்தது. ஞானகுமாரி மஞ்சள் வைத்துத் துணி சுற்றிவிட்டார். மறுபடி தேய்த்தார். நான் வேடிக்கை பார்க்கப் போனவன். சிரிக்கலாம் என்றுதான் போனேன். ஆனால் பதினோரு மணி வெயிலில், அவ்வளவு அழகாக அடித்த கதவு அவர் கையாலேயே மங்கிக்கொண்டு வருவதையும், அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த கதவுக்கு நகர்வதையும் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் வேலுசாமி கிளிப்பச்சையை எடுத்துக்கொண்டு வந்தார். வலை கிடையாது, மறைப்பு கிடையாது. தெருவில் லாரி போகப் போக இவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தார். இடது கதவில் ஒரு சொட்டு வழிந்தது. அதன் பக்கத்தில் ஒரு பூச்சி வந்து ஒட்டி, கொஞ்ச நேரம் காலை உதறிவிட்டு ஓய்ந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ராயப்பனும் பார்த்தார். அவர் கை சட்டைப் பைக்குப் போனது, வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பியது. வேலுசாமி ஸ்ப்ரே கன்னைக் கீழே வைத்துவிட்டு, வேண்டுமென்றேதான், கேட்டார்.

"இன்னா சார், எப்டி கீது?"

பஞ்சவர்ணம் கையிலிருந்த முறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் ராயப்பன்.

நாங்கள் காத்திருந்தோம். ராயப்பன் எச்சிலை விழுங்கினார். வேறொன்றும் வரவில்லை. ஞானகுமாரி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

புதன்கிழமை ஆய்வாளர் வண்டியை நேராகப் பார்த்தார், பிரேக் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். தலையைச் சாய்க்கவே இல்லை. அதுதான் அப்பாவுக்கு ரொம்ப வருத்தம் என்றாள் ஜாஸ்லின். வியாழக்கிழமை விடிகாலையில் கிளிப்பச்சை வண்டி, கதவில் பூச்சியோடு, மண்ணூர்பேட்டை கம்பெனி கேட்டுக்குள் போனது.

இதையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, நேர்மையான மனிதன் என்ற முறையில் ராயப்பனிடமே கொண்டுபோய்க் கொடுத்தேன். மனிதர் கோபிப்பார் என்று பயம்தான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நிதானமாகப் படித்தார். காகிதங்களை அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அவ்வளவுதான். உள்ளே ஜாஸ்லின் மாவு பாக்கெட் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நான்கு நாளாக எனக்கு நிம்மதி இல்லை. அந்த ‘ஆனா’வுக்கு அப்புறம் என்ன இருந்தது? எந்த வரியில் வழிந்திருக்கிறது? எங்கே பூச்சி ஒட்டியிருக்கிறது? காகிதங்களை நேராக வைத்துப் பார்த்தாயிற்று, வெயிலில் பிடித்துப் பார்த்தாயிற்று. நேற்று என் தலை தானாகவே சாய்வதைக் கண்ணாடியில் பார்த்துப் பயந்துபோனேன். இனி உங்களைத்தான் கேட்க வேண்டும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்காதீர்கள். மூன்றாவது பத்தியிலேயே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டு, முடியட்டும் சொல்லலாம் என்று இவ்வளவு நேரம் அடக்கிக்கொண்டுதானே வந்தீர்கள்? முதலில் அந்தத் தலையை நிமிர்த்துங்கள். அப்புறம் சொல்லுங்கள்.